பையனை ஜூனியர் ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி கேம்ப்புக்குக் கூப்பிடுறாங்க, செலவு எங்க தலையில: இது நிஜமான போட்டிதானா?

சென்சூரியன்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு இந்த வருஷம் 17 முடியுது, ஐஸ் ஹாக்கியில கோலி, அதாவது கோல் காக்குறவன், சவுத் ஆப்பிரிக்கா 20 வயசுக்குட்பட்ட டீம் கேம்ப்புக்குப் பேர் வந்திருக்கு, அடுத்த ஜனவரியில வெளிநாட்டுல டிவிஷன் மூணு உலகப் போட்டியாம், ஆனா டிக்கெட்டுல இருந்து ஜெர்சி வரைக்கும் பெத்தவங்கதான் கட்டணுமாம், வீட்டுக்காரர் "ஆப்பிரிக்காவுல ஏது ஐஸு, எவனோ காசு பாக்குறான்"ன்றாராம். மேலோட்டமா பாத்தா நிஜமா பொய்யான்னு கேக்குற மாதிரி இருக்கு, ஆனா நீங்க உண்மையில கேக்குறது இவ்ளோ காசையும் பையனோட படிப்பு நேரத்தையும் இதுல போடலாமா, போட்டா என்ன கிடைக்கும்னுதான். அதுக்கு பதில் சொல்றேன். அதோட, கடைசி வரியில போற போக்குல "சென்னையில இருந்து வந்து பதினோரு வருஷம் ஆச்சு, எல்லாருக்கும் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கேள்விக்கான பாதி பதில் அந்த வரிக்குள்ளதான் இருக்கு, அதுக்கும் வரேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன். டர்பன்ல பிசியோதெரபிஸ்ட், க்ளினிக் வேலை போக குவாசூலு-நட்டால் ஜூனியர் பசங்க கூட பெஞ்சுக்குப் பின்னாடி நிக்கிறது பல வருஷப் பழக்கம், என்-3 ரோட்டுல வான் ரீனன் கணவாயை பக்கியில (பிக்கப் வண்டியில) ஏறி இறங்கி ஜோபர்க் போயி ஆடிட்டு வர்ற கூட்டம் நாங்க. நான் கோச் இல்ல, செலக்‌ஷன்ல எனக்கு ஒரு பங்கும் கிடையாது, உங்க பையன் ஆடி நான் பாத்ததும் இல்ல. அதனால அவன் டீமுக்கு வருவானா மாட்டானான்னு என்கிட்ட கேக்காதீங்க. மத்தபடி இந்தப் போட்டி எப்படி நடக்குது, 17 வயசு உடம்பு அதுல என்ன பாடு படுது, பெத்தவங்க எங்க ஏமாந்து போறாங்க, இதெல்லாம் தெரியும்.

போட்டி நிஜம், அதுல சந்தேகமே வேண்டாம். சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு, அதாவது ஐ.ஐ.எச்.எஃப்., 20 வயசுக்குட்பட்டவங்களுக்கு 1977-ல இருந்தும் 18 வயசுக்குட்பட்டவங்களுக்கு 1999-ல இருந்தும் உலகப் போட்டி நடத்திட்டு வருது. கனடாக்காரங்க கிறிஸ்மஸ் லீவுல டிவி முன்னாடி உக்காந்து பாக்குறது அதோட மேல் தட்டு, அதுல 10 நாடு. அதுக்குக் கீழ இட்லிச் சட்டியில தட்டு மேல தட்டு அடுக்குற மாதிரி ஒண்ணு ஏ, ஒண்ணு பி, ரெண்டு ஏ, ரெண்டு பி-ன்னு ஆறாறு டீமா நாலு தட்டு, அடியில டிவிஷன் மூணு, ஆளு நிறைய சேந்துட்டா அதையும் ஏ, பி-ன்னு பிரிப்பாங்க. ஒவ்வொரு தட்டுலயும் முதல்ல வர்றவன் மேல போவான், கடைசியா வர்றவன் கீழ இறங்குவான். 2011 வரைக்கும் ஏ-வும் பி-யும் ஒரே மட்டத்துல பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு, 2012-லதான் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கினாங்க. பழைய ஸ்கோரைத் தேடிப் பாக்குறவங்க இதைத் தெரிஞ்சுக்காம குழம்புவாங்க. ஆக உங்க பையனைக் கூப்பிடுறது உலகப் போட்டிக்குத்தான், ஆனா அதோட அடித்தட்டுக்கு. ரெண்டுமே உண்மை, ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சா அங்கதான் ஏமாத்து ஆரம்பிக்குது.

"ஆப்பிரிக்காவுல ஏது ஐஸு"ன்னு கேட்ட உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சேதி. சவுத் ஆப்பிரிக்கா 1937-லயே அந்தக் கூட்டமைப்புல மெம்பர். ஆம்பளைங்க டீம் உலகப் போட்டிக்கு முதமுதலா போனது 1961-ல. அப்புறம் நிறவெறி ஆட்சிக் காலத்துல பெரிய இடைவெளி, திரும்ப உள்ள வந்ததே 1992-ல, அந்த வருஷம் அப்ப கீழ் மட்டமா இருந்த சி பிரிவுல ஒரு குரூப் ஜோகனஸ்பர்க்லயே நடந்துச்சு. 2018-ல ஆம்பளைங்க டிவிஷன் மூணு கேப் டவுன்ல நடந்துச்சு. ரிங்க்னு பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம், கேப் டவுன்ல கிராண்ட்வெஸ்ட், உங்க பக்கம் நார்த்கேட், கெம்ப்டன் பார்க் ஃபெஸ்டிவல் மால், ப்ரிட்டோரியா குரோவ் மால் இந்த மாதிரி. பாதி ரிங்க் மாலுக்குள்ள இருக்கு, பகல்ல பொதுமக்கள் ஸ்கேட் பண்ணி காசு வரணும், அதனால ஹாக்கிப் பசங்களுக்கு ராத்திரி ஒம்பது பத்து மணி, இல்லாட்டி விடியக்காலைதான். உங்க பையனைக் கூட்டிட்டு அலையிற உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

நிஜப் போட்டியா தனியார் டூரான்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஐ.ஐ.எச்.எஃப். தன் வெப்சைட்ல ஒவ்வொரு சீசனுக்கும் எந்த டிவிஷன், எந்த ஊரு, என்ன தேதின்னு முன்கூட்டியே போட்டுடும், எந்தெந்த நாடுன்னு பட்டியல் இருக்கும், போட்டி நடக்குறப்ப ஆட்டக்காரர் பேரோட கோல், அசிஸ்ட், கோலி தடுத்த ஷாட்டோட சதவீதம் எல்லாம் வரும். உங்களுக்கு வந்த கடிதத்துல இருக்கிற ஊரும் தேதியும் அதோட ஒத்துப்போகுதா பாருங்க. ஒத்துப்போச்சுன்னா, கடிதமும் சவுத் ஆப்பிரிக்க ஐஸ் ஹாக்கி சங்கத்துல இருந்தே வந்திருந்துச்சுன்னா, விஷயம் முடிஞ்சது. ஒத்துப்போகலைன்னா அது யாரோ ஏஜென்ட் நடத்துற டூரா இருக்கும், ஐரோப்பாவுலயும் கனடாவுலயும் காசு கட்டி யார் வேணா ஆடுற யூத் டோர்னமென்ட் எக்கச்சக்கம். அதுவும் கெட்டது இல்ல, பசங்களுக்கு ஜாலியா இருக்கும், ஆனா அதுக்கு உலகப் போட்டின்னு பேர் வச்சு வித்தா விக்கிறவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க.

இப்ப அந்தக் கடைசி வரி. பி.ஆர். மட்டும் இருந்தா ஆட முடியாது சகோதரி. கிளப்புக்கும் மாகாணத்துக்கும் ஆடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஆனா ஐ.ஐ.எச்.எஃப். போட்டியில ஒரு நாட்டுக்கு ஆடணும்னா அந்த நாட்டுக் குடிமகனா இருக்கணும், பாஸ்போர்ட் செக் பண்ணுவாங்க. உங்க பையன் கையில இருக்கிறது இந்திய பாஸ்போர்ட்டா இருந்தா, அவன் எவ்ளோ பெரிய கோலியா இருந்தாலும் டீம் லிஸ்ட்ல பேர் ஏறாது. கேம்ப்புக்குக் கூப்பிட்டவங்க இதைப் பாத்திருப்பாங்கன்னு நம்பாதீங்க, கேம்ப் கட்டத்துல பல நேரம் பிறந்த தேதி மட்டும்தான் பாக்குறாங்க, பாஸ்போர்ட் காப்பி கேக்குறது கடைசி லிஸ்ட் வர்ற நேரத்துல, அப்ப நீங்க பாதிப் பணம் கட்டியிருப்பீங்க.

குடியுரிமை எடுக்குறதுன்னா அது ஹாக்கியை விடப் பெரிய முடிவு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தர்றது இல்ல, சவுத் ஆப்பிரிக்கக் குடியுரிமை வந்ததும் இந்தியக் குடியுரிமை போயிடும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளிக்குத் தர்ற ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கலாம், அது வேற விஷயம். இங்க பொதுவா பி.ஆர். கிடைச்சு தொடர்ந்து 5 வருஷம் ஆனாதான் அப்ளிகேஷன் போட முடியும், குடியுரிமையைப் பாக்குற ஹோம் அஃபேர்ஸ் துறையில வரிசை எவ்ளோ நீளம்னு உங்களுக்கே தெரியும். பையன் எங்க பிறந்தான், பி.ஆர். எந்தத் தேதியில வந்துச்சு, 18 ஆகுறதுக்கு முன்னாடி போடுறதா பின்னாடியான்னு ஒவ்வொரு கேஸும் மாறும், அதுக்கு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்க, பிசியோவைக் கேக்காதீங்க. ஹாக்கிப் பக்கத்துல ஒண்ணு மட்டும் நான் சொல்ல முடியும். புதுசா குடியுரிமை வாங்குனவன் அந்த நாட்டு உள்ளூர்ப் போட்டியில குறைஞ்சது ரெண்டு வருஷம் இடைவிடாம ஆடியிருக்கணும், நடுவுல வேற நாட்டுக்கு மாறியிருக்கக் கூடாது. உங்க பையன் சின்ன வயசுல இருந்து இங்கதான் ஆடுறான்னா அதுல சிக்கல் வராது, ஆனா கிளப்ல ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரெல்லாம் வாங்கி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, ஒரு நாட்டுக்கு ஆடிட்டு அப்புறம் வேற நாட்டுக்கு மாறணும்னா நாலு வருஷக் காத்திருப்பு, அதுவும் வாழ்க்கையில ஒரே தடவைதான்.

இந்த பாஸ்போர்ட் விஷயத்துக்கு ஓலஃப் கோல்சிக் கதையே போதும். 1970-ல ஜோகனஸ்பர்க்ல பிறந்தவர், அவரும் கோலிதான், வட அமெரிக்காவோட பெரிய லீக்கான என்.எச்.எல்.-ல வாஷிங்டன் கேப்பிடல்ஸுக்கு வருஷக்கணக்கா நின்னு 2000-ல சிறந்த கோலிக்கான வெசினா கோப்பை வாங்குனவர். பிறந்தது இங்க, வளந்தது கனடாவுல, ஒலிம்பிக்ஸ்ல ஆடுனது ஜெர்மனிக்கு, ஏன்னா அப்பா அம்மா ஜெர்மன்காரங்க, அவர் கையில இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். ஆட்டம் கத்துக்கிட்டது எந்த நாட்டுலன்னு அங்க யாரும் கேக்கல.

சரி, பாஸ்போர்ட் பிரச்சினை இல்லைன்னே வச்சுப்போம், அங்க போனா என்ன நடக்கும்? 8 டீம் வந்தா நாலு நாலா ரெண்டு குரூப், குரூப்ல மூணு ஆட்டம், அப்புறம் செமி, அப்புறம் பைனலோ இடத்துக்கான ஆட்டமோ. 6 டீம்னா எல்லாரும் எல்லார் கூடயும். எப்படிப் பாத்தாலும் ஒரு வாரத்துல 5 ஆட்டம். நேரத்துக்குள்ள ஜெயிச்சா 3 பாயின்ட், ஓவர்டைம்லயோ ஷூட்டவுட்லயோ ஜெயிச்சா 2, அதுல தோத்தா 1. கூட ஆடுறவங்க ஐஸ்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, துருக்கி, பல்கேரியா, மெக்சிகோ, தைவான் இந்த மாதிரி, வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கிட்டு இருக்கிற நாடுங்க. இதுல சிலருக்கு ஊர் பூரா ரிங்க், சிலருக்கு நம்மளை மாதிரி மால். ஐஸ்லாந்துல மொத்த ஜனத்தொகையே நம்ம டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் சேந்தா வர்ற அளவுதான், ஆனா அவங்க பையன் நடக்கப் பழகுறப்பவே ஸ்கேட் மாட்டியிருப்பான். அது முதல் பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்.

ஸ்கோர் எப்படி இருக்கும்னு மனசைத் தேத்திக்கோங்க. அடித்தட்டுல ரெண்டு இலக்கத்துல தோக்குறது அதிசயமே இல்ல. கிரிக்கெட்ல மழை வந்து காப்பாத்தும், இங்க 20 நிமிஷம் மூணு பீரியட், பத்து கோல் வாங்கினாலும் பாக்கி நேரத்தை ஆடித்தான் ஆகணும். 1998-ல ஆசிய-ஓசியானியா 18 வயசுக்குட்பட்டோர் போட்டியில தென் கொரியா தாய்லாந்தை 92-0ன்னு அடிச்சுது, அச்சுப் பிழை இல்ல, தொண்ணூத்தி ரெண்டேதான். 1987-ல ஆம்பளைங்க உலகப் போட்டியில ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58-0. அந்த தாய்லாந்தும் நியூசிலாந்தும் இன்னிக்கும் உலகப் போட்டி ஆடிட்டுத்தான் இருக்காங்க. உங்க பையன் வர்ற ஆட்டத்துல இவ்ளோ மோசமா எல்லாம் இருக்காது, ஆனா கோலியோட அம்மா நீங்க, லைவ்ல ஸ்கோரைப் பாத்துட்டு அழக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

கோலிங்கிறதால இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு, பார்வர்ட் ஆடுற பையனோட பெத்தவங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஒண்ணு, டீம்ல 20 ஸ்கேட்டரும் 2 கோலியும் போவாங்க. ஸ்கேட்டர்னா மாத்தி மாத்தி இறங்குற குரூப்ல கடைசியான நாலாவது லைன்ல இருந்தாலும் ஆட்டத்துக்குப் பத்து தடவையாவது ஐஸ்ல இறங்குவான். ரெண்டாவது கோலி ஒரு நிமிஷம் கூட இறங்காம தொப்பி போட்டு பெஞ்ச் கதவைத் தொறந்து மூடிட்டு 5 ஆட்டத்தையும் முடிச்சுட்டு வரலாம், கட்டுற காசு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நல்ல கோச்னா ஒரு ஆட்டமாவது கொடுப்பார், ஆனா கீழ இறங்கிடுவோம்கிற பயம் இருந்தா கொடுக்க மாட்டார், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. இதைக் கேம்ப் முடிஞ்சதும் நேரா கேட்டுடுங்க, என் பையன் முதல் கோலியா ரெண்டாவதா, ரெண்டாவதுன்னா எத்தனை ஆட்டம்னு. பதில் மழுப்பலா வந்தா ரெண்டாவதுன்னு அர்த்தம். இன்னொரு விஷயம், பலவீனமான டீமுக்கு முதல் கோலியா நின்னா அது வேற உலகம், ஒரு ஆட்டத்துல 50 ஷாட் வரைக்கும் வரும், இங்க லீக்ல ஒரு மாசத்துல வர்ற நல்ல ஷாட் எல்லாம் அங்க ஒரே சாயங்காலத்துல வந்துடும். 8-1ன்னு தோத்த ஆட்டத்துல அந்த கோலிதான் நம்ம டீமோட பெஸ்ட் பிளேயர்னு கை தூக்கி விடுறதை இந்தத் தட்டுல அடிக்கடி பாக்கலாம். கத்துக்கறதுன்னு பாத்தா கோலிக்குக் கிடைக்கிற அளவு வேற யாருக்கும் கிடைக்காது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா ஆள் தேடுற ஸ்கவுட் வருவான், அமெரிக்காவுல ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்கக் கல்லூரி முதல் டிவிஷன்ல ஆம்பளைங்க ஐஸ் ஹாக்கி டீமே 60-சொச்சம்தான், அங்க இடம் பிடிக்கிறவன் கனடா, அமெரிக்கா, ஐரோப்பா ஜூனியர் லீக்ல சீசனுக்கு ஐம்பது அறுபது ஆட்டம் ஆடிட்டு வர்றவன். நேதன் வாக்கரைப் பாருங்க, கார்டிஃப்ல பிறந்து சிட்னியில வளந்த பையன், என்.எச்.எல்.-ல ஆடுன முதல் ஆஸ்திரேலியர், 2018-ல என்.எச்.எல்.-லோட ஸ்டான்லி கோப்பை ஜெயிச்ச வாஷிங்டன் டீம்ல இருந்தவர். அவரை மேல தூக்கி விட்டது எந்த அடித்தட்டுப் போட்டியும் இல்ல, 13 வயசுல வீட்டை விட்டு செக் நாட்டுக்குப் போயி அங்க ஜூனியர் லீக்ல ஆடுனது. 17-ல அந்த வழிக்குக் காலம் கடந்துடுச்சுன்னு சொன்னா கசக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். அப்ப எதுக்குப் போகணும்னா, தேசிய ஜெர்சி, வேற வேகத்துல ஆட்டம், இருபது பசங்களோட ஒரு வாரம். என் கண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்ல, உங்க கண்ணுக்கு எப்படின்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

காசு ஏன் நீங்க கட்டணும்ங்கிறதுக்கு பதில் சுருக்கம். ரக்பி, கிரிக்கெட்டுக்குத்தான் இங்க ஸ்பான்சரும் டிவி காசும், ஐஸ் ஹாக்கி முழுக்க அமெச்சூர், பெரிய ஆம்பளைங்க தேசிய டீமே லீவு போட்டு சொந்தக் காசுலதான் போறாங்க. அதனால காசு கேக்குறதை வச்சு ஏமாத்துன்னு முடிவு கட்டாதீங்க. கணக்கு காட்ட மாட்டேன்னு சொன்னா அப்ப சந்தேகப்படுங்க. டிக்கெட் எவ்ளோ, தங்குறது சாப்பாடு யாரு பொறுப்பு, டீம் ஆபீசர்கள் செலவு பசங்க தலையில ஏறுதா, பையன் அடிபட்டோ பாஸ்போர்ட்ல மாட்டியோ போக முடியாமப் போனா எவ்ளோ திரும்ப வரும், இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. கட்டுறதும் சங்கத்தோட பேங்க் கணக்குக்குத்தான், தனி ஆள் கணக்குக்கு ஒரு ராண்ட் கூட அனுப்பாதீங்க. இடத்தைப் பொறுத்தும் செலவு எகிறும், 20 வயசுக்குட்பட்டோர் டிவிஷன் மூணு 2016-ல மெக்சிகோ சிட்டி, 2017-ல நியூசிலாந்து டுனீடின், 2018-ல சோஃபியா, 2019-ல ரேக்யாவிக்னு உலகத்தோட நாலு மூலைக்கும் போயிருக்கு. இந்த நாலுல எதுக்குப் போறதா இருந்தாலும் நம்ம பச்சை பாஸ்போர்ட்டுக்கு இன்னிக்கு விசா வேணும், அந்தச் செலவையும் நேரத்தையும் கணக்குல சேத்துக்கோங்க.

வயசுக் கணக்கு உங்களுக்கு சாதகமா இருக்கு, இதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். 20 வயசுக்குட்பட்டோர்ங்கிறது பிறந்த வருஷத்தை வச்சுத்தான், 2019 போட்டியில 1999-லயும் அதுக்கு அப்புறமும் பிறந்தவங்க ஆடுனாங்க, அதாவது போட்டி நடக்குற வருஷத்துல 20 முடியுறவன் வரைக்கும். உங்க பையனுக்கு அடுத்த வருஷம் 18, அதுக்கு அடுத்து 19, அப்புறம் 20, மூணு சான்ஸ் இருக்கு. முதல் சான்ஸ் வர்ற ஜனவரி, அவன் மேட்ரிக் (இங்க பன்னெண்டாவது) வருஷத்தோட முதல் வாரம், இங்க ஸ்கூல் தொறக்குறதே ஜனவரி நடுவுல. ரெண்டாவது சான்ஸ் வர்றப்ப அக்டோபர் நவம்பர்ல மேட்ரிக் பரீட்சை முடிஞ்சிருக்கும், யூனிவர்சிட்டி பிப்ரவரியிலதான், நடுவுல ஜனவரி சும்மா கிடக்கும். இந்தக் கீழ்த்தட்டுப் போட்டி பெரும்பாலும் டிசம்பர் ஜனவரியிலதான் வரும்ங்கிறதால அந்த ரெண்டாவது ஜனவரி அவனுக்குன்னே விட்ட மாதிரி. குடியுரிமை வேலைக்கும் அவகாசம் கிடைக்கும், காசு சேக்கவும் நேரம் இருக்கும், 19 வயசு கோலி 18 வயசு கோலியை விட முதல் இடத்துல நிக்க வாய்ப்பும் அதிகம். கடன் வாங்கி இந்த ஜனவரியே ஓடணும்னு எந்த அவசரமும் இல்ல. "இதை விட்டா இனி சான்ஸ் வராது"ன்னு கேம்ப்ல எவனாவது சொன்னா பிறந்த வருஷத்தைச் சொல்லி விரல் விட்டு எண்ணிக் காட்டுங்க.

உடம்பு விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், என் பொழப்பு அது. பட்டர்ஃபிளைன்னு முட்டி ரெண்டையும் உள்ள மடக்கி விழுந்து விழுந்து எந்திரிக்கிற கோலிகளுக்கு இடுப்பு மூட்டுதான் முதல்ல பேசும். தொடை இடுக்குல ஆழமா வலி, கார்ல இருந்து இறங்குறப்ப சுருக்குன்னு பிடிக்கிறது, உக்காந்து கால உள்ளுக்குத் திருப்புனா ஒரு பக்கம் மட்டும் குறைவா திரும்புறது, இதுல ஏதாவது இருந்தா கேம்ப்புக்கு முன்னாடியே ஸ்போர்ட்ஸ் பிசியோகிட்ட காட்டுங்க, வார்ம்-அப் பண்ணா சரியாயிடும்னு கோச் சொல்றதோட விட்டுடாதீங்க. எல்லா வலியும் எலும்புப் பிரச்சினை இல்ல, பாதிப் பேருக்கு பின்பக்கத் தசையும் வயித்துத் தசையும் பலமானாலே அடங்கிடும், ஆனா எது எதுன்னு தொட்டுப் பாக்காம சொல்ல முடியாது, இங்க எழுத்துல என்னால முடியவே முடியாது.

தலை அடி அதைவிட முக்கியம். இந்த வயசுப் போட்டியில பாடி செக், அதாவது உடம்பால இடிக்கிறது, உண்டு, கோலியை வேணும்னு இடிக்கக் கூடாதுதான், ஆனா வேகமா வர்றவன் நிக்க முடியாம வலையோட சேத்துத் தள்ளிடுவான். கன்கஷன், அதாவது அடியில மூளை அதிர்ந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா அந்த ஆட்டத்துல திரும்ப இறங்கக் கூடாது, இது பேரம் பேசுற விஷயமே இல்ல. திரும்பி வர்றது ஆறு படி, ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், சின்னப் பசங்களுக்கு இன்னும் மெதுவா. ஒரு வாரத்துல முடியுற போட்டிக்கு இதை வச்சுக் கணக்குப் போட்டா, முதல் ஆட்டத்துல தலையில அடிபட்டவனுக்குப் போட்டி அங்கயே முடிஞ்சது. அவ்ளோ தூரம் போயி அவ்ளோ காசு கட்டி பெஞ்ச்ல உக்காரணுமான்னு பையனே மறைப்பான், அதனால வீட்டுலயே இப்பவே பேசி வைங்க, தலைவலின்னா சொல்லணும், காசைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்னு. டீம் கூட போற மெடிக்கல் ஆள் யாரு, அவருக்கு என்ன படிப்புன்னும் கேளுங்க, பல நேரம் யாரோட மாமாவோ ஃபர்ஸ்ட் எய்ட் கோர்ஸ் முடிச்சவர்னு வந்து நிப்பார்.

கழுத்துப் பட்டை ஜூனியர் போட்டியில கட்டாயம். 2023 அக்டோபர்ல இங்கிலாந்துல ஆடம் ஜான்சன்ங்கிற ஆட்டக்காரர் ஸ்கேட் பிளேடு கழுத்துல பட்டு செத்துப் போனதுக்கு அப்புறம் பெரியவங்களுக்கும் கட்டாயம் ஆக்கிட்டாங்க. கோலிக்கு மாஸ்க்ல தொங்குற பிளாஸ்டிக் தகடு பக் (ஆடுற ரப்பர் வில்லை) படாம இருக்கத்தான், வெட்டைத் தடுக்கிறது உள்ள போடுற பட்டை, ரெண்டும் வேணும். பேட், கிளவ் எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம், ராண்ட் இருக்கிற நிலைமையில புதுசு இம்போர்ட் பண்ணா கண்ணைக் கட்டும், ஆனா மாஸ்க்கும் கழுத்துப் பட்டையும் மட்டும் புதுசா இருக்கட்டும்.

சைவம், சாப்பாடு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. ஹோட்டல் பஃபேல பாஸ்தா, முட்டை, தயிர், ரொட்டி எப்பவும் இருக்கும், முட்டையும் வேண்டாம்னா புரோட்டீனுக்குக் கொஞ்சம் திண்டாட்டம், மேனேஜர்கிட்ட முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க. பருப்புப் பொடியும் தட்டையும் கட்டிக் கொடுங்க, தப்பே இல்ல, ஆனா நியூசிலாந்துன்னா ஏர்போர்ட் கார்டுல சாப்பாடு இருக்குன்னு டிக் பண்ணச் சொல்லுங்க, டிக் பண்ணாம மாட்டுனா அந்த இடத்துலயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், ஒரு பொடி டப்பாவுக்கு. ஜனவரி கடைசியில தைப்பூசம் வர்ற வருஷமா இருந்தா மாமியார் காவடி வேண்டுதல் ஏதாவது வச்சிருக்காங்களான்னும் ஒரு தடவை கேட்டுக்கோங்க, டர்பன்ல இந்தப் பஞ்சாயத்தை நான் பாத்திருக்கேன், விரதத்தோட போயி ஆடுறது நடக்குற காரியம் இல்ல.

நான் உங்க இடத்துல இருந்தா கேம்ப்புக்குக் கண்டிப்பா அனுப்புவேன். கேம்ப் செலவு சின்னது, வெளி கோச் ஒருத்தர் கோலியைப் பாத்துச் சொல்றது இங்க அபூர்வம். போட்டிக்கான அட்வான்ஸை மட்டும் கட்டாம, சங்கத்துக்கு ஒரு மெயில் போடுவேன்: என் பையன் இந்தியக் குடிமகன், இங்க பி.ஆர்., இத்தனை வருஷமா இந்த கிளப்ல ரெஜிஸ்டர் ஆகி ஆடுறான், தகுதி உண்டா இல்லையா, எழுத்துல பதில் தாங்கன்னு. பதில் வர்ற வரைக்கும் கேம்ப் ஃபீஸ் தவிர ஒரு ராண்ட் நகராது. வக்கீலைப் பாக்கப் போறப்ப பையனோட பர்த் சர்டிபிகேட், பி.ஆர். சர்டிபிகேட், ஸ்கூல்ல இருந்து எந்த வருஷம் சேந்தான்ங்கிற லெட்டர், கிளப் ரெஜிஸ்ட்ரேஷன் நாலையும் சர்டிஃபைட் காப்பி எடுத்துட்டுப் போங்க, போலீஸ் ஸ்டேஷன்ல இலவசமாவே சீல் போட்டுத் தருவாங்க.